வாஷிங் மெஷின் நாற்றம்: எங்கே பிறக்கிறது, எப்படி ஒழிப்பது

துவைத்து எடுத்த துண்டில் ஈரவாடை அடித்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்யும் வைத்தியம், துணிக்கு வாசனை தரும் கண்டிஷனரை இன்னும் ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவது. ஒரு வாரம் மல்லிகை மணக்கும். அப்புறம் மல்லிகையும் புழுங்கலும் சேர்ந்து வேறொரு நாற்றம் வரும். காரணம் எளிது: அந்தக் கண்டிஷனரில் இருக்கும் கொழுப்புச் சத்துதான் நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளுக்குத் தீனி.

கதவைத் திறந்ததும் தெரியும் பளபளப்பான ஸ்டீல் டிரம் நாற்றத்துக்குப் பொறுப்பில்லை. அதைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீரைப் பிடித்து வைக்கும் இன்னொரு தொட்டி இருக்கிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக். டிரம்முக்கும் அந்த வெளி டப்புக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் கரையாத சோப்பு, உடம்பு எண்ணெய், பஞ்சு, போர் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வழவழப்பான ஒரு படலமாகிறது. அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறுகின்றன. நம் ஊரில் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரிலேயே துவைப்பதால் அந்தப் படலம் கரைய வாய்ப்பே இல்லை. ஈரத்துணியின் அந்தக் குறிப்பிட்ட வாடைக்கு மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா ஒரு முக்கியக் காரணம் என்று 2012-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு காட்டியது. துணி காய்ந்தாலும் அது சாவதில்லை. காய்ந்தபோது மணக்காத துண்டு, முகம் துடைத்ததும் நாறுவது இதனால்தான்.

ஆகவே வேலை இரண்டு. படிந்ததைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். மீண்டும் படியவிடாமல் துவைக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும். முதல் வேலைக்கு ஒரு விடுமுறை நாள் போதும்.

முதலில் மோப்பம் பிடியுங்கள்

எல்லா நாற்றமும் ஒன்றல்ல. மெஷினைக் கழுவத் தொடங்கும் முன் டிரம்முக்குள், சோப்பு ட்ரேயில், டிரெயின் பைப் முனையில் என்று மூன்று இடத்திலும் தனித்தனியே முகர்ந்து பாருங்கள்.

புழுங்கல், ஈர மண், ஊறிய துணி போன்ற வாடை என்றால் மேலே சொன்ன படலம்தான். சாக்கடை வாடை என்றால் டிரெயின் பக்கம் கோளாறு. அழுகிய முட்டை வாடை என்றால் மெஷினைத் திட்டும் முன் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்து பாருங்கள். சில போர் தண்ணீரிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அப்படியானால் மெஷினை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது மோட்டார் திணறுகிறது. பிளாஸ்டிக் கருகுவது போலவோ மீன் கவிச்சி போலவோ வந்தால் மின்பாகம் ஏதோ சூடேறுகிறது. இரண்டிலும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இந்த வழிகாட்டி அதற்கானது அல்ல.

திடீரென்று ஒரே நாளில் தாங்கமுடியாத பிண நாற்றமா? மெஷினைச் சாய்த்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். டாப் லோடு மெஷின்கள் பலவற்றுக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும். எலி புகுந்து, வயரைக் கடித்து, அங்கேயே செத்துக் கிடப்பது தமிழ்நாட்டு சர்வீஸ் ஆட்களுக்குப் பழகிய காட்சி. அடியில் போடும் எலித் தடுப்புத் தட்டு தனியாகவே விற்கிறது, வாங்கி மாட்டிவிடுங்கள்.

பம்ப் ஃபில்டர்: ஃப்ரண்ட் லோடுக்காரர்கள் இங்கிருந்து

ஃப்ரண்ட் லோடு மெஷினின் முன்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறிய சதுர மூடி இருக்கும். வாங்கியதிலிருந்து அதைத் திறக்காதவர்கள் ஏராளம். டிரம்மைக் கழுவிவிட்டு இதை விட்டால் நாற்றம் மூன்றாம் நாள் திரும்பும். அதனால் இதுதான் முதல் வேலை.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுடுநீரில் துவைத்து முடித்த கையோடு திறக்க வேண்டாம், உள்ளே நிற்கும் தண்ணீர் கையைச் சுட்டுவிடும். மூடிக்குப் பக்கத்தில் பென்சில் தடிமனில் ஒரு சிறு டியூப் இருந்தால் அதன் அடைப்பை எடுத்து, தட்டையான ஒரு தட்டில் தண்ணீரை வடியுங்கள். ஓரிரு லிட்டர் வரும், சில சமயம் அதற்கு மேலும். தட்டு நிறைய நிறைய அடைப்பை மாட்டி, கொட்டிவிட்டு, மறுபடி பிடியுங்கள். டியூப் இல்லாத மாடலில் ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் இடப்பக்கமாகத் திருப்பி, மெதுவாகக் கசியவிடுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர்.

ஃபில்டரை வெளியே இழுத்தால் தலைமுடியும் பஞ்சும் சேர்ந்த சாம்பல் நிறக் கட்டி, அதற்குள் ஊக்கு, சட்டைப் பித்தான், ஒரு ரூபாய் நாணயம், கரைந்துபோன பஸ் டிக்கெட் எல்லாம் இருக்கும். குழாயடியில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தால் பம்பின் சிறு விசிறி தெரியும். விரலால் தள்ளினால் விட்டு விட்டுச் சுற்றும், அது இயல்பு. அதில் நூலோ முடியோ சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். மறுபடி மாட்டும்போது ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டாமல் துடைத்து, இறுக்கமாகத் திருகுங்கள். டிரம்முக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி டிரெயின் ஓட்டிப் பார்த்தால் கசிவு உண்டா என்று தெரிந்துவிடும். சில மாடல்களில் இந்த மூடியே இருக்காது, அங்கே பம்பைக் கழற்ற மெக்கானிக்தான் வர வேண்டும்.

கதவு ரப்பரும் சோப்பு ட்ரேயும்

கேஸ்கெட் எனப்படும் கதவு ரப்பரின் மடிப்பை விரலால் பிரித்துக் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அங்கே தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். அவை அடைத்திருந்தால் மடிப்பில் எப்போதும் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி நிற்கும். பல்குத்தும் குச்சியால் துளையைத் திறந்துவிடுங்கள்.

ரப்பரில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, துணி வெளுக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதில் பழைய துணியை நனைத்து மடிப்புக்குள் திணியுங்கள். அரை மணி நேரம் கழித்து எடுத்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள். கறை முழுதாகப் போகாமலிருக்கலாம், ஏனென்றால் பூஞ்சை ரப்பருக்குள்ளேயே வேர்விட்டிருக்கும். நாற்றம் போனால் கறையை விட்டுவிடலாம். இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்த ரப்பரில் அழுக்கு இன்னும் பிடித்துக்கொள்ளும், நாளடைவில் கசியவும் செய்யும்.

ட்ரேயை முழுதாக வெளியே எடுக்கலாம். நடுவில் ஒரு அழுத்தும் பட்டை இருக்கும், அதை அழுத்தியபடி இழுத்தால் வந்துவிடும். கண்டிஷனர் ஊற்றும் அறையில் உள்ள சிறு மூடியையும் கழற்றி, எல்லாவற்றையும் சுடுநீரில் ஊறப்போடுங்கள். ஆனால் உண்மையான அசிங்கம் ட்ரேயில் இல்லை, ட்ரே போகும் பொந்தின் மேல்கூரையில். செல்போனை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், தண்ணீர் விழும் துளைகளைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்திருக்கும். டூத் பிரஷ்ஷை மேல்நோக்கிப் பிடித்துத் தேய்க்க வேண்டும்.

டப்பைக் கழுவுதல்: எதை, எவ்வளவு

இங்கே மூன்று சரக்கு போதும். சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் பிளீச் தூள், சாதாரண திரவ பிளீச், சிட்ரிக் ஆசிட். முதல் இரண்டும் அழுக்குப் படலத்துக்கு, மூன்றாவது சுண்ணாம்புக்கு. வேலை வேறு வேறு என்பதால் பிளீச்சுக்குப் பதில் சிட்ரிக் ஆசிட்டோ, சிட்ரிக் ஆசிட்டுக்குப் பதில் பிளீச்சோ உதவாது.

எச்சரிக்கை: பிளீச்சையும் சிட்ரிக் ஆசிட்டையும், அல்லது பிளீச்சையும் வினிகரையும், ஒரே ஓட்டத்தில் போடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே வெறும் தண்ணீரில் ஒரு முழு ஓட்டம் ஓட்டி, முடிந்தால் மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள். குழந்தையின் மூத்திரத் துணி ஊறிய தண்ணீரிலும் பிளீச் ஊற்றாதீர்கள்.

ஃப்ரண்ட் லோடு: டிரம்மைக் காலியாக வைத்து, 100 கிராம் பெர்கார்பனேட்டை நேராக டிரம்முக்குள் போட்டு, 60 டிகிரியில் நீண்ட காட்டன் புரோகிராம் அல்லது டப் கிளீன் ஓட்டுங்கள். தண்ணீர் சூடேறினால்தான் பெர்கார்பனேட் முழு வீரியத்தோடு வேலை செய்யும். குளிர்ந்த நீரில் போடுவது காசைக் கரைப்பது. திரவ பிளீச்தான் கையில் இருக்கிறது என்றால் 100 மி.லி., அதுவும் குளிர்ந்த தண்ணீரில். சூட்டில் அது வீரியம் இழக்கும், ஆவியும் கிளம்பும். முடிந்ததும் ஒரு முறை வெறுமனே அலசவிடுங்கள். மெஷினோடு வந்த புத்தகம் டப் கிளீனில் எதையும் போடாதே என்று சொன்னால் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். பிளீச்சை வாரா வாரம் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். டிரம்மின் பின்னால் அதைத் தாங்கும் மூன்று கை இரும்புச் சட்டம் போல் தெரிவது பல மாடல்களில் உண்மையில் அலுமினியக் கலவை, பிளீச் அதை அரிக்கும்.

டாப் லோடு: பெரும்பாலானவற்றில் ஹீட்டர் கிடையாது, ஆனால் தண்ணீர் நிறைய பிடிக்கும். அதுவே வசதி. கெய்சரிலிருந்தோ அடுப்பிலிருந்தோ வாளி வாளியாகச் சுடுநீர் ஊற்றி, மீதியைக் குழாயால் நிரப்பி, உச்ச அளவு வரை கொண்டுவாருங்கள். கை வைத்தால் நன்றாகச் சுட வேண்டும், கொதிக்கக் கூடாது. 45 முதல் 50 டிகிரி சரியாக இருக்கும். அதில் 250 கிராம் பெர்கார்பனேட், பல வருடம் கழுவாத மெஷின் என்றால் 500 கிராம் போட்டு, ஐந்து நிமிடம் வாஷ் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள்.

கொஞ்ச நேரத்தில் டிரம்மின் துளைகள் வழியாகக் கறுத்த தோல் தோலாக மிதந்து வரத் தொடங்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பழைய டீ வடிகட்டியால் அவற்றை அள்ளி வெளியே போடுங்கள். அள்ளாமல் விட்டால் டிரெயினில் சிக்கும், அல்லது அடுத்த வாரம் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டி, மறுபடி அள்ளி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். மெஷின் தானாக ஆஃப் ஆனாலும் பரவாயில்லை. சில மாடல்கள் நெடுநேரம் நின்றால் தண்ணீரை வடித்துவிடும், அவற்றில் வடிவதற்கு முன் இடையிடையே ஓட்ட வேண்டியிருக்கும். காலையில் கடைசியாக ஒருமுறை அள்ளி, வடித்து, மறுபடி நிரப்பி அலசுங்கள். இரண்டாம் அலசலிலும் தோல் வந்தால் மூன்றாவது தேவை. ஓரத்தில் தொங்கும் லிண்ட் ஃபில்டர் பையைக் கடைசியில் கழற்றிக் கழுவுங்கள். கிழிந்திருந்தால் புதிது மாட்டுங்கள், விலை அதிகமில்லை.

செமி ஆட்டோமேட்டிக்கில் நாற்றம் ஒளிந்திருப்பது பல்சேட்டர் எனப்படும் அந்தச் சுழலும் தட்டுக்கு அடியில். நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றிவிட்டுத் தட்டின் இரு பக்கமும் கயிற்றை நுழைத்துச் சமமாக மேலே தூக்கினால் வந்துவிடும். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டு அரை மணி காத்திருங்கள், முறுக்கி உடைக்க வேண்டாம். அடியில் உள்ள சேற்றை வழித்து எடுத்தாலே பாதி நாற்றம் போகும். ஸ்பின் தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு மக் சுடுநீரில் இரண்டு கரண்டி பெர்கார்பனேட் கரைத்து ஊற்றி, ஒரு மணி கழித்து ஸ்பின் ஓட்டுங்கள்.

இதெல்லாம் முடிந்த பின், கண்ணாடியிலோ டிரம்மிலோ வெள்ளைப் படிவு தெரிந்தால் மட்டும் மறுநாள் சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது இதுதான். ஃப்ரண்ட் லோடுக்கு 100 கிராம், டாப் லோடுக்கு 200 கிராம். 60 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். மிகை வெப்பத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து சீக்கிரம் கரையாத கால்சியம் சிட்ரேட் ஆகி மறுபடி படியும்.

வினிகரும் ஆப்பச்சோடாவும் சேர்த்துப் போட்டால் பொங்குகிறது, அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் கரையாத சுண்ணாம்பை விட்டுச்செல்லும், மெஷினுக்கு ஆகாது. பாத்ரூம் ஆசிட் ஸ்டீல் டிரம்மையே தின்னும். அந்துருண்டையை உள்ளே போட்டு மூடிவைப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாக்கடை வாடை என்றால்

டிரெயின் பைப் முனை எங்கே போகிறது என்று பாருங்கள். தரைக்குழியில் நாணி ட்ராப் இருந்தால் அதன் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. ட்ராப் இல்லாத குழாயில் பைப்பை நேராகச் செருகி, சுற்றிலும் சிமெண்ட் பூசி அடைத்தால் அந்தக் காற்று பைப் வழியே டிரம்முக்கே வரும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு மக் ஊற்றினால் வாடை நிற்கும்.

ஃப்ரண்ட் லோடில் பைப்பின் ஓர் இடமாவது தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தரையோடு தரையாகப் போட்டால் பிடித்த தண்ணீர் தானாகவே வடிந்து, துணி சரியாக அலசப்படாது. பம்ப் இல்லாத டாப் லோடிலும் செமியிலும் நேர்மாறு: பைப் எங்குமே மேலேறாமல் தரையோடு சரிய வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே பழைய தண்ணீர் தேங்கி நாறும்.

மறுபடி வராமலிருக்க

சோப்பின் அளவுதான் முதல் குற்றவாளி. ஒரு சோதனை: துணியும் சோப்பும் போடாமல் மெஷினைச் சூடான தண்ணீரில் ஓட்டி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நுரை தெரிந்தால் அது முந்தைய துவைப்புகளின் மிச்சம். அப்போதிலிருந்து பாக்கெட்டில் போட்ட அளவில் பாதியில் தொடங்கி, துணி சுத்தமாகவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடினமான போர் தண்ணீர் உள்ள வீட்டில் உண்மையிலேயே கூடுதல் சோப்பு தேவைப்படும், அங்கே பாதி அளவு போதாமல் போகலாம். ஃப்ரண்ட் லோடில் கைத்துவைப்புப் பவுடர் போடாதீர்கள்; நுரை பொங்கினால் அலசல் கெடும்.

தண்ணீர் வரும் பைப்பின் முனையில் ஒரு சிறு வலை இருக்கும். குழாயை மூடி, பைப்பைக் கழற்றி, மூக்கு இடுக்கியால் வலையை இழுத்துக் கழுவுங்கள். மணல் அடைத்து வேகம் குறைந்தால் நேரம் முடிந்தும் தண்ணீர் நிறையாமல் கோளாறு காட்டும்.

துவைத்து முடிந்த துணி ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே கிடக்கக் கூடாது. அழுக்குத் துணிக்குக் கூடை வேண்டும், மெஷின் கூடையல்ல. ஈரத் துண்டை உள்ளே எறிந்து இரண்டு நாள் மூடிவைத்தால் மேலே செய்த வேலை அத்தனையும் வீண். கதவையும் ட்ரேயையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சிறு குழந்தை உள்ள வீட்டில் உள்ளே ஏறமுடியாதபடி விரலளவு இடைவெளி மட்டும். வாரம் ஒருமுறை துண்டு, படுக்கை விரிப்புகளை 60 டிகிரியில் துவைத்தால் துணியும் சுத்தமாகும், டப்பும் கூடவே கழுவப்படும். ஏற்கெனவே வாடை ஏறிய துண்டுகளுக்கு, ஒரு வாளிச் சுடுநீரில் இரண்டு கரண்டி பெர்கார்பனேட் போட்டு ஒரு மணி ஊறவைத்துவிட்டுத் துவையுங்கள். கம்பளி, பட்டுக்கு இது ஆகாது.

டப் கிளீன் மாதம் ஒருமுறை, பம்ப் ஃபில்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. போர் தண்ணீர் வீட்டில் சிட்ரிக் ஆசிட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஆள் கூப்பிட்டுப் பிரித்துக் கழுவ வேண்டுமா

மேலே சொன்னதை இரண்டு முறை செய்தும் நாற்றம் போகாவிட்டால் டப்பைக் கழற்ற வேண்டியதுதான். சர்வீஸ் ஆளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: டிரம்மை வெளியே எடுத்துக் கழுவுவீர்களா, பவுடர் போட்டு ஓட்டுவீர்களா? இரண்டாவது என்றால் அதை நீங்களே செய்துகொள்ளலாம், காசு கொடுக்கத் தேவையில்லை. டாப் லோடில் டிரம்மை வெளியே எடுப்பது ஒரு மணி நேர வேலை. ஃப்ரண்ட் லோடில் பல மாடல்களின் வெளி டப் ஒட்டி மூடப்பட்டது, பிரிக்கவே முடியாது. திறக்க முடிந்த மாடலிலும் பேரிங், சீல் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டி வரும். பத்து வருடம் ஓடிய மெஷின் என்றால் அந்தச் செலவைக் கேட்டுவிட்டு, புது மெஷினின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.